கேள்வி பதில்: 'அப்' போட்டா ஒண்ணு, 'ஆஃப்' போட்டா வேற ஒண்ணு

போன இதழ்ல 'இங்கிலீஷ் பேசும்போது உங்களுக்கு எங்க இடிக்குது'ன்னு கேட்டிருந்தோம். நிறைய பேர் எழுதுனது ஃப்ரேசல் வெர்ப் பத்தித்தான். அதாவது கிவ், கெட், புட், டேக் மாதிரி ஒரு சின்ன வினைச்சொல், அது பின்னாடி அப், ஆஃப், அவுட்னு ஒரு துண்டு, ரெண்டும் சேர்ந்தா சம்பந்தமே இல்லாத ஒரு அர்த்தம். அதனால இந்த தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்றேன் மேடம். கெட் அப், கெட் ஆன், கெட் ஓவர், கெட் அவேன்னு நோட்டு முழுக்க இருக்கு. நாலு நாள் கழிச்சு எல்லாம் கலந்துடுது, பேசும்போது ஒண்ணுகூட வாய்ல வர மாட்டேங்குது. என்ன பண்ணலாம்?
– வாசகி, விருதுநகர்

உங்க உழைப்புல குறை இல்லம்மா, அந்த லிஸ்ட்லதான் குறை. ஒரே சாயல்ல இருக்கிற பத்து பேரை வரிசையா நிக்க வச்சு ஒரே நாள்ல பேரு சொல்லிக் குடுத்தா யாருக்கும் ஞாபகம் இருக்காது, 'கெட்'டுக்கு கீழ பத்து எழுதினா அதேதான் நடக்கும். அதனால வார்த்தை வாரியா பிரிக்காதீங்க, உங்க வீட்டுல நடக்கிற காரியம் வாரியா பிரிங்க.

காலைல இருந்து பாருங்க. அலாரம் அடிக்குது, 'தி அலாரம் வென்ட் ஆஃப்'. கண்ணு முழிக்கிறீங்க, அது 'வேக் அப்'. படுக்கையை விட்டு எந்திரிக்கிறது 'கெட் அப்'. ரெண்டும் ஒண்ணுன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, 'ஐ வோக் அப் அட் ஃபைவ், பட் ஐ காட் அப் அட் சிக்ஸ்'னு சொன்னா அஞ்சு மணிக்கே முழிச்சு ஒரு மணி நேரம் புரண்டுகிட்டு இருந்தேன்னு அர்த்தம். அடுப்படிக்குப் போனா பால் பொங்கி வழிஞ்சிருக்கு, 'தி மில்க் பாயில்ட் ஓவர்'. சர்க்கரை தீர்ந்துபோச்சு, 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஷுகர்'. நேத்து சாம்பாரை சுட வைக்கணும், 'ஹீட் அப் தி சாம்பார்'. மோட்டார் ரிப்பேர், 'தி மோட்டார் ஹேஸ் ப்ரோக்கன் டவுன்'. பிள்ளைங்கள ஸ்கூல்ல விடணும், 'டிராப் தெம் ஆஃப்'. சாயங்காலம் போய் கூட்டிட்டு வரணும், 'பிக் தெம் அப்'.

இதுல எதையும் நீங்க தனியா உக்காந்து படிக்க வேண்டாம், பால் பொங்கும்போது வாய்க்குள்ள ஒரு தடவை அந்த வாக்கியத்தைச் சொல்லுங்க, அவ்வளவுதான். முழு வாக்கியமா சொல்லணும், அது முக்கியம். 'ரன் அவுட் ஆஃப் = தீர்ந்து போதல்'னு எழுதி வச்சா அது நோட்டுலதான் இருக்கும், சர்க்கரை டப்பாவைத் திறந்து பாத்துட்டு சொன்னா மறக்காது.

இன்னொண்ணு கவனிங்க. அலாரம் அடிச்சாலும் 'வென்ட் ஆஃப்', கரண்ட் போனாலும் 'வென்ட் ஆஃப்', பிரிட்டிஷ்காரங்க பேச்சுல பால் கெட்டுப் போனாலும் 'வென்ட் ஆஃப்', வெடி வெடிச்சாலும் 'வென்ட் ஆஃப்'. லிஸ்ட்ல படிச்சா இந்த நாலும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும், வாக்கியத்துல பாத்தா முட்டாது, ஏன்னா முன்னாடி அலாரம்னு வந்துடுச்சுன்னா அர்த்தம் அங்கயே முடிவாயிடுது.

இது உங்களுக்கு மட்டும் கஷ்டம்னு மனசு விட்டுடாதீங்க. 1755ல பெரிய ஆங்கில அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன் அதோட முன்னுரைலயே, வினைச்சொல்லுக்குப் பின்னாடி இப்படி ஒரு துண்டைச் சேத்து அர்த்தத்தை மாத்துறதுதான் வெளிநாட்டுக்காரங்களுக்கு ரொம்ப சிரமம்னு எழுதி வச்சிருக்காரு.

போஸ்ட்போன்னு அழகா ஒரு வார்த்தை இருக்கும்போது புட் ஆஃப் எதுக்கு? பொறுத்துக்கிறதுக்கு டாலரேட்னு இருக்கு, அப்புறம் எதுக்கு புட் அப் வித்? இதெல்லாம் கொச்சை இங்கிலீஷா?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

கொச்சை இல்ல தம்பி. இந்த எண்ணம் நம்ம ஊர்ல ரொம்ப ஆழமா இருக்கு, அதை மாத்தணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

1066ல பிரான்ஸ் பக்கம் நார்மண்டியில இருந்து வில்லியம் வந்து இங்கிலாந்தைப் பிடிச்சாரு. அதுக்கப்புறம் அரண்மனை, கோர்ட்டு, பெரிய வீடுகள்ல பிரெஞ்சு மொழிதான் நடந்துச்சு, சர்ச்சுலயும் படிப்பாளிங்க மத்தியிலயும் லத்தீன். கோர்ட்டுல வழக்கு பேசுறது இனிமே இங்கிலீஷ்லதான்னு சட்டம் வந்ததே 1362லதான், ஜனங்களுக்கு பிரெஞ்சு புரியலங்கிறதுதான் காரணம்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. அப்போ வயக்காட்டுலயும் சந்தையிலயும் பேசுன மொழி, பழைய இங்கிலீஷ் வழியாவும் வைக்கிங்குகளோட நார்ஸ் மொழி வழியாவும் வந்த புட், கெட், டேக், கம் எல்லாம். மேல இருந்து வந்த வார்த்தைங்க போஸ்ட்போன், டாலரேட், தீயை அணைக்கிறதுக்கு எக்ஸ்டிங்விஷ். ரெண்டு அடுக்கும் இன்னிக்கு வரைக்கும் அப்படியே நிக்குது. லத்தீன்ல 'போஸ்ட்'னா பின்னாடி, 'போனெரே'ன்னா வைக்கிறது, அதாவது போஸ்ட்போன்கிறதே 'பின்னாடி வை'ங்கிறதுதான், அதுவும் புட் ஆஃப் மாதிரி கட்டுனதுதான், லத்தீன்ல இருக்கிறதால நமக்கு கவுரவமா தெரியுது.

நமக்கு இங்கிலீஷ் வந்த வழி பாடப்புத்தகம், பரீட்சை, ஆபீஸ் லெட்டர். அதனால மேல் அடுக்கு வார்த்தை சுலபமா வருது, கீழ் அடுக்கு வர மாட்டேங்குது. அவங்க ஊர்க் குழந்தை 'புட் ஆன் யுவர் ஷூஸ்'னு கேட்டு வளருது, நம்ம பிள்ளை 'வேர் யுவர் ஷூஸ்'னு கேட்டு வளருது. நோட்டீஸ் போர்டுல 'தி மீட்டிங் ஹேஸ் பீன் போஸ்ட்போன்ட்' சரியா இருக்கும். கூடப் படிக்கிற பையன்கிட்ட 'லெட் அஸ் போஸ்ட்போன் தி மூவி'ன்னு சொன்னா தப்பு இல்ல, ஆனா டீக்கடையில நின்னு 'திரைப்படத்தை ஒத்திவைப்போம்'னு சொல்ற மாதிரி கேக்கும். அங்க 'லெட்ஸ் புட் இட் ஆஃப்'தான்.

அதுக்காக எழுத்துல ஃப்ரேசல் வெர்ப்பே கூடாதுன்னும் இல்ல. ஆராய்ச்சி பண்றதை 'கேரி அவுட் ரிசர்ச்'னு பெரிய பெரிய கட்டுரைலயே எழுதுறாங்க. ஆனா ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல 'லுக்ட் இன்டு'ன்னு எழுதறதை விட 'இன்வெஸ்டிகேட்டட்' நல்லா இருக்கும். போகப் போக காதுக்கே பிடிபடும். அப்புறம் புட் ஆஃபையும் கால் ஆஃபையும் குழப்பிக்காதீங்க, புட் ஆஃப்னா தள்ளி வைக்கிறது, கால் ஆஃப்னா ரத்து. மழைனால மேட்ச் 'கால்ட் ஆஃப்'னா வீட்டுக்குப் போயிடலாம்.

'பிக் அப் ஹிம்' தப்பு, 'பிக் ஹிம் அப்'தான் சரிங்கிறாங்க. ஆனா 'லுக் ஹிம் ஆஃப்டர்' தப்பு, 'லுக் ஆஃப்டர் ஹிம்' சரியாம். பேங்க் எக்ஸாமுக்கு படிக்கிறேன், இதுக்கு ஏதாவது ரூல் இருக்கா?
– வாசகர், ஈரோடு

இருக்குங்க. பரீட்சையில நிறைய மார்க் போற இடமும் இதுதான், அதனால கொஞ்சம் பொறுமையா பாப்போம்.

ரெண்டு வகை இருக்கு, பிரியற வகை, பிரியாத வகை. 'பிக் அப்' பிரியும். பொருளோட பேரைச் சொன்னா எங்க வேணா வைக்கலாம், 'பிக் அப் தி பார்சல்', 'பிக் தி பார்சல் அப்', ரெண்டும் சரி. ஆனா பேருக்குப் பதிலா இட், ஹிம், ஹெர், தெம், மீ, அஸ் வந்துட்டா கட்டாயம் நடுவுலதான், 'பிக் இட் அப்', 'பிக் தெம் அப்'. இதுல விதிவிலக்கு தேட வேண்டாம், கண்ணை மூடிட்டு எழுதலாம். அதே மாதிரி 'டர்ன் இட் ஆஃப்', 'ஃபில் இட் இன்', 'த்ரோ இட் அவே', 'கால் மீ பேக்'.

'லுக் ஆஃப்டர்' பிரியாது. பேர் வந்தாலும் சரி, ஹிம் வந்தாலும் சரி, பின்னாடிதான்.

எது எந்த வகைன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? வாலைப் பாருங்க. ஆஃப்டர், இன்டு, ஃபார், அட், வித், டு, இதுல ஒண்ணு வாலா இருந்தா பிரியாது. லுக் ஃபார், லுக் இன்டு, ரன் இன்டு, டீல் வித், எதுவும் பிரியாது. அப், டவுன், அவுட், அவே, பேக் வாலா இருந்து, பின்னாடி ஒரு பொருளும் வந்தா பெரும்பாலும் பிரியும். சிக்கல் பண்றது ஆன், ஆஃப், இன், ஓவர் இந்த நாலும்தான். 'புட் ஆன்' பிரியும், 'புட் இட் ஆன்'. 'கெட் ஆன்' பிரியாது, பஸ்ஸை 'கெட் இட் ஆன்'னு சொல்லக் கூடாது, 'கெட் ஆன் இட்'தான். இந்த நாலு வால் வரும்போது மட்டும் வாக்கியத்தோட சேத்துப் பழகிக்கோங்க.

காதை வச்சும் கண்டுபிடிக்கலாம், இதை நிறைய கிளாஸ்ல சொல்லித் தர்றதில்ல. பிரியற வகையில வாலுக்கு அழுத்தம் வரும். 'பிக் இட் அப்'னு அவங்க சொல்லும்போது அந்த 'அப்' நல்லா ஓங்கிக் கேக்கும். 'லுக் ஆஃப்டர் ஹிம்'ல அழுத்தம் லுக்குலயே நின்னுடும், ஆஃப்டர் சும்மா ஓடிப் போயிடும். ரேடியோ கமெண்ட்ரியோ நியூஸோ கேக்கும்போது இதை மட்டும் கவனிச்சுப் பாருங்க.

பொருளோட பேர் ரொம்ப நீளமா இருந்தா நடுவுல திணிக்காதீங்க. 'டர்ன் தி லைட் ஆஃப்' நல்லா இருக்கு. பின்கட்டு ரூம்ல நேத்து நைட்டு நீ போட்டு வச்ச லைட்டுன்னு மொத்தத்தையும் நடுவுல வச்சுட்டு கடைசியில ஆஃப்னு முடிச்சா கேக்கறவங்க தவிச்சுப் போயிடுவாங்க. அங்க 'டர்ன் ஆஃப்'பை முதல்லயே முடிச்சுட்டு அப்புறம் லைட்டோட கதையைச் சொல்லுங்க.

நான் நர்ஸ்க்கா. ஓஇடிங்கிற இங்கிலீஷ் பரீட்சை எழுதி பாஸ் பண்ணி இங்கிலாந்துல ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாக்குறேன். டாக்டருங்க பேசுறது நல்லா புரியுது. வயசான பேஷண்ட்டுங்க பேசுறதுதான் புரியல. ஒரு பாட்டி 'ஐ கீப் டிராப்பிங் ஆஃப் இன் தி ஆஃப்டர்நூன்'னு சொன்னாங்க, கட்டில்ல இருந்து விழுறாங்களோன்னு நான் பதறிப் போய் பக்கத்துக் கம்பியெல்லாம் தூக்கி விட்டேன். பக்கத்து பெட்ல இருந்தவங்க சிரிச்சாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.
– வாசகி, சொந்த ஊர் நாகர்கோவில்

சிரிச்சவங்களை விடும்மா. விழுந்துடுவாங்களோன்னு சந்தேகம் வந்ததும் கம்பியைத் தூக்கி விட்ட பாரு, அதுதான் நர்ஸ் வேலை. அந்த பாட்டி சொன்னது, மத்தியானத்துல தன்னை அறியாம கண்ணு அசந்துடுதுன்னு. டிராப் ஆஃப், நாட் ஆஃப், டோஸ் ஆஃப் மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

டாக்டர் பேசுறது ஏன் புரியுதுன்னா அவங்க நாசியா, வாமிட்டிங், ஸ்பூட்டம், கான்ஷியஸ்னு நீ புத்தகத்துல படிச்ச லத்தீன் கிரேக்க வார்த்தையா பேசுறாங்க. பேஷண்ட் வீட்டு மொழி பேசுவாங்க. ராத்திரி வாந்தி எடுத்தேன்னு சொல்ல 'ஐ த்ரூ அப் இன் தி நைட்'னுதான் வாய்ல வரும். முட்டி வலி திரும்ப தொல்லை குடுக்குதுன்னா 'மை நீ இஸ் ப்ளேயிங் அப்', இதுல விளையாட்டே கிடையாது. சாப்பாடு இறங்கலன்னா 'ஐ ஹேவ் கான் ஆஃப் மை ஃபுட்'. மூக்கடைச்சிருக்குன்னா 'ஐம் பங்ட் அப்', மலச்சிக்கலுக்கும் இதையே சொல்லுவாங்க, அதனால எதுன்னு கேட்டுக்கணும். உடம்பு ஓய்ஞ்சு போன மாதிரி இருக்குன்னா 'ஐ ஃபீல் ரன் டவுன்', வண்டி எதுவும் ஏறலை. ஆர்த்ரைட்டிஸ் திடீர்னு அதிகமானா 'இட் ஹேஸ் ஃப்ளேர்ட் அப்'. தோல்ல வந்த தடிப்பு போயிடுச்சுன்னா 'இட் ஹேஸ் க்ளியர்ட் அப்'.

நீயும் இதே மொழியில கேட்டா அவங்க முகமே மாறிடும். இருமல் இருக்கிறவர்கிட்ட 'டு யூ ஹேவ் ஸ்பூட்டம்'னு கேக்காம 'ஆர் யூ பிரிங்கிங் எனிதிங் அப்'னு கேளு, சளி ஏதாவது வெளிய வருதான்னு அர்த்தம். வலி மருந்து குடுத்துட்டு நாலு மணி நேரம் கழிச்சுப் போனா 'இஸ் இட் வேரிங் ஆஃப்'னு கேக்கலாம், மருந்தோட வேகம் குறையுதான்னு. ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளிஞ்சா 'ஹி ஹேஸ் கம் ரவுண்ட்'. அப்புறம் அங்க உள்ள நர்ஸுங்க 'பாப்'னு ஒரு வார்த்தையை எல்லாத்துக்கும் போடுவாங்க, நீ கேட்டிருப்ப, 'பாப் அப் ஆன் தி பெட் ஃபார் மீ', 'பாப் யுவர் டாப் ஆஃப்'. கட்டில்ல ஏறிக்கோங்க, மேல் சட்டையைக் கழட்டிக்கோங்கன்னு நயமா சொல்ற விதம் அது. கெட்டுன்னோ ரிமூவ்னோ சொன்னா அதட்டுற மாதிரி இருக்கும்னு அவங்களுக்கு ஒரு எண்ணம்.

ரெண்டு இடத்துல மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இரு. 'பாஸ்ட் அவுட்'னா மயங்கி விழுந்தது. 'பாஸ்ட் அவே'ன்னா இறந்து போனது. 'பாஸ்ட் ஆன்'னும் இறந்ததுக்கு சொல்லுவாங்க. போன்ல சொந்தக்காரங்ககிட்ட பேசும்போது ஒரு வால் மாறினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு. அந்த மாதிரி சமயத்துல ஃப்ரேசல் வெர்ப் பக்கமே போகாத, 'ஹி ஃபெயின்டட், ஹி இஸ் அவேக் நவ்'னு நேரா சொல்லிடு.

புரியலன்னா கேக்கறதுல வெக்கமே வேண்டாம், ஆனா 'பார்டன்'னு மட்டும் கேட்டா அதே வாக்கியத்தை இன்னும் சத்தமா சொல்லுவாங்க. நீ புரிஞ்சுகிட்டதைச் சொல்லிக் கேளு, 'டு யூ மீன் யூ ஃபால் அஸ்லீப்'னு. சார்ட்ல எழுதும்போது பேஷண்ட் பேசுன வார்த்தையை அப்படியே எழுதாம தெளிவா எழுது, மத்தியானத்துல தூக்க கலக்கம் இருக்குன்னு. டூட்டி மாத்தும்போது ஒரு வார்த்தை சொல்லுவீங்களே ஹேண்ட்ஓவர், அதுவே ஹேண்ட் ஓவர்ங்கிற ஃப்ரேசல் வெர்ப்புதான், உனக்குத் தெரியாமலே நீ தினமும் சொல்லிட்டு இருக்க. சின்ன டைரி ஒண்ணு பாக்கெட்ல வச்சுக்கோ, வார்டுல காதுல விழுறதை யார் சொன்னாங்க எதுக்கு சொன்னாங்கன்னு சேத்து எழுது. மூணு மாசத்துல அந்த டைரி எந்த புத்தகத்தை விடவும் உனக்கு உதவும்.

பஸ்ல இருந்து இறங்குறதுக்கு 'கெட் டவுன்'னு சொல்லக் கூடாதாமே? நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்?
– வாசகர், சேலம்

நம்ம ஊர்ல சொன்னா எல்லாருக்கும் புரியும், இந்தியா முழுக்க இருக்கிற வழக்கம் அது, அதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். வெளிநாட்டுல மட்டும் பாத்துக்கோங்க, அங்க போலீஸ்காரர் 'கெட் டவுன்'னு கத்துனா குனி, தரையில படுன்னு அர்த்தம். பஸ்ஸுக்கு அங்க கெட் ஆன், கெட் ஆஃப். காருக்கு கெட் இன், கெட் அவுட் ஆஃப். உள்ள ஏறி நின்னு நடக்க முடியுமா, பஸ், ரயில், ப்ளேன், கப்பல், அப்போ ஆன், ஆஃப். குனிஞ்சு உள்ள நுழையணுமா, கார், டாக்ஸி, அப்போ இன், அவுட். சைக்கிள், பைக், குதிரை மேல உக்கார்றது, அதுவும் ஆன், ஆஃப்தான். 'டிராப் மீ அட் தி பஸ் ஸ்டாண்ட்'னு சொல்றதும் நம்ம ஊருக்குப் போதும், வெளிய போனா ஒரு ஆஃப் சேத்துக்கோங்க, 'டிராப் மீ ஆஃப்'.

ரெஸ்யூமேல 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019'னு எழுதியிருந்தேன், இன்டர்வியூல ஒருத்தர் திருத்தச் சொன்னார். கோப் அப் வித்னு எழுதுனதையும் அடிச்சுட்டார். ஏன்?
– வாசகர், மதுரை

மேல நர்ஸ் தங்கச்சிக்குச் சொன்னதேதான். வெளிநாட்டு கம்பெனிக்காரர் படிச்சா 2019ல மயங்கி விழுந்தேன்னு படிப்பார். 'ஐ கிராஜுவேட்டட் இன் 2019'னு மாத்திடுங்க. பாஸ் அவுட்டுக்கு இந்த அர்த்தம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, ராணுவத்துல பயிற்சி முடிஞ்சு வெளிய வர்றதுக்கு பிரிட்டிஷ் வழக்கத்துல பாஸிங் அவுட்னுதான் பேரு. சென்னை பரங்கிமலையில இருக்கிற ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமியில நடக்கிறதும் பாஸிங் அவுட் பரேட்தான், அது முழுக்க சரி. அதை நாம காலேஜுக்கும் எடுத்துகிட்டோம்.

'கோப்'னா சமாளிக்கிறது, அதுக்கு அப் கிடையாது, 'கோப் வித்' மட்டும்தான். 'கேட்ச் அப் வித்', 'கீப் அப் வித்', 'புட் அப் வித்'னு இருக்கிறதால அது கூட சேந்து ஒட்டிகிச்சு. 'டிஸ்கஸ் அபவுட்'லயும் அபவுட்டை எடுத்துடுங்க, 'ரிட்டர்ன் பேக்'ல பேக்கை எடுத்துடுங்க.

ஆபீஸ் மெயில்ல 'லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ'ன்னு எழுதினா மேனேஜர் மீட்டிங்னு திருத்துறாங்க. டு வந்தா மீட்தானே வரணும்? அப்புறம் லாகின்கிறது ஒரு வார்த்தையா ரெண்டு வார்த்தையா?
– ஐடி ஊழியர், கோவை

மேனேஜர் திருத்தினது சரி. 'ஐ வான்ட் டு மீட்'ல வர்ற டு வேற, இந்த டு வேற. இது லுக் ஃபார்வர்டு டுன்னு மூணா சேந்த வினையோட வாலு. வாலுக்குப் பின்னாடி பெயர்ச்சொல்தான் வரும், 'லுக்கிங் ஃபார்வர்டு டு தி மீட்டிங்' மாதிரி. வினை வந்தா 'இங்' போட்டு பெயராக்கணும். அதே மாதிரி 'கிவ் அப் ஸ்மோக்கிங்', 'கேரி ஆன் வொர்க்கிங்', 'புட் ஆஃப் கோயிங்'. சந்தேகம் வந்தா அந்த இடத்துல 'இட்' போட்டுப் பாருங்க, 'லுக்கிங் ஃபார்வர்டு டு இட்'னு சொல்ல முடியுதா, அப்போ இங் வரும். 'ஐ வான்ட் டு இட்'னு சொல்ல முடியாது, அப்போ வராது.

லாகின், பேக்கப், ஃபாலோஅப், செட்டப், டேக்ஆஃப் எல்லாம் பெயரா இருக்கும்போது சேத்து எழுதலாம், வினையா இருக்கும்போது இடம் விட்டு எழுதணும். 'மை லாகின் இஸ் நாட் வொர்க்கிங்'ல ஒட்டும், 'ஐ காண்ட் லாக் இன்'ல ஒட்டாது. சொல்லும்போதும் அழுத்தம் மாறும், பெயர்ல முன்னாடி, வினையில வாலுல. 'கேன் யூ ஃபாலோஅப் திஸ்'னு மெயில்ல ஒட்டி எழுதுறது ரொம்ப பரவிப்போச்சு, 'ஃபாலோ அப் ஆன் திஸ்'னு பிரிச்சு எழுதுங்க.

என் பையன் பத்தாவது. தமிழ்ல இந்த மாதிரி குழப்பமே இல்லையே, இங்கிலீஷ்ல மட்டும் ஏன் இப்படின்னு கேக்குறான். என்ன பதில் சொல்ல?
– வாசகி, தஞ்சாவூர்

தமிழ்லயும் இருக்குன்னு சொல்லுங்க! அவன் பொறந்ததுல இருந்து பேசுறதால அவனுக்குத் தெரியல.

'சாப்பிட்டுப் பாரு'ங்கிறோம், கண்ணால பாக்கவா சொல்றோம்? 'எழுதி வை'ங்கிறோம், எதை எங்க வைக்கிறது? 'அசந்து போயிட்டான்'ங்கிறோம், அவன் எங்கயும் போகல, கட்டில்லதான் கிடக்கிறான். 'கிழிச்சுப் போட்டான்', 'சொல்லித் தா', 'குடிச்சிடு', எல்லாத்துலயும் ரெண்டாவதா வர்ற வினை தன்னோட சொந்த அர்த்தத்தை விட்டுட்டு முதல் வினைக்கு ஒரு சாயம் பூசுது. துணைவினைன்னு அவன் தமிழ் இலக்கணத்துல படிச்சிருப்பான்.

இப்போ ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கச் சொல்லுங்க. 'டிரிங்க் யுவர் மில்க்'னா பாலைக் குடி. 'டிரிங்க் அப்'னா குடிச்சு முடிச்சிடு. 'ஈட் அப்', 'யூஸ் அப்', 'டேர் அப்' எல்லாத்துலயும் அந்த அப் நம்ம 'விடு' செய்யற வேலையை, அதாவது முழுசா முடிக்கிற வேலையைத்தான் செய்யுது. 'ரைட் இட் டவுன்'னா எழுதி வை. கடையில 'ட்ரை இட் ஆன்'னா போட்டுப் பாரு. 'கிவ் அப்'புக்கு கைவிடு. இந்த மாதிரி ஜோடி நம்ம பையனே பத்து பதினைஞ்சு கண்டுபிடிச்சிடுவான், கண்டுபிடிச்சதை அவன் மறக்கவே மாட்டான்.

ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் மறைக்காம சொல்லிடுங்க. நம்ம துணைவினை கொஞ்சம்தான், ஒவ்வொண்ணும் ஓரளவுக்கு ஒரே வேலையைச் செய்யும். அவங்க அப் அப்படி இல்ல. 'மேக் அப்'னா முகத்துக்குப் பூசுறது, சண்டை போட்டவங்க சமாதானம் ஆகறது, இல்லாத கதையைக் கட்டுறது, எல்லாமே. அங்க துப்பு கிடைக்காது, வாக்கியத்தைப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும். பரீட்சையில அடிக்கோடு போட்ட வார்த்தைக்கு ஃப்ரேசல் வெர்ப் எழுதச் சொன்னா காலத்தையும் சேத்து மாத்தச் சொல்லுங்க, 'டாலரேட்டட்'னு இருந்தா 'புட் அப் வித்', ஏன்னா புட்டுக்கு கடந்த காலமும் புட்டுதான், ஆனா 'எக்ஸ்டிங்விஷஸ்'னு இருந்தா 'புட்ஸ் அவுட்'. அந்த ஒரு எஸ்ஸுல மார்க்கை விட்டுட்டு வர்ற பிள்ளைங்க நிறைய.

டி-ஷர்ட்ல எல்லாம் 'கீப் காம் அண்ட் கேரி ஆன்'னு போட்டிருக்கே, எதைத் தூக்கச் சொல்றாங்க?
– பள்ளி மாணவி, திருவண்ணாமலை

எதையும் தூக்க வேண்டாம் பாப்பா. கேரி ஆன்னா செஞ்சுகிட்டு இருக்கிறதை விடாம தொடர்ந்து செய். 1939ல ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ஜனங்க பயப்படாம இருக்கணும்னு பிரிட்டிஷ் அரசாங்கம் அச்சடிச்ச போஸ்டர் அது. அடிச்சாங்களே தவிர பெருசா எங்கயும் ஒட்டல. 2000ல இங்கிலாந்துல ஒரு பழைய புத்தகக் கடையில ஒண்ணு கிடைச்சு, கடையில மாட்டி வச்சு, அப்புறம்தான் டி-ஷர்ட், கப்புன்னு உலகம் முழுக்க போச்சு. ஏர்போர்ட்ல 'கேரி-ஆன்'னு ஒட்டி எழுதியிருந்தா அது மட்டும் கையில தூக்கிட்டுப் போற பை.

விளக்கை அணைக்கிறதுக்கு புட் அவுட்டா, டர்ன் ஆஃபா?
– வாசகர், காரைக்குடி

நெருப்பு எரிஞ்சா புட் அவுட், ஸ்விட்ச் இருந்தா டர்ன் ஆஃப். டர்ன்னா திருப்புறது, தண்ணிக் குழாயையும் கேஸ் விளக்கையும் திருகி மூடுன காலத்துல இருந்து வந்தது, பட்டன் வந்த பிறகும் வார்த்தை மாறல. அதனால குழாயை 'க்ளோஸ் தி டேப்'னு சொல்லாம 'டர்ன் ஆஃப் தி டேப்'னு சொல்லுங்க. குத்துவிளக்கு, சிகரெட், அடுப்புல விறகு எல்லாம் 'புட் இட் அவுட்'. வாயால ஊதி அணைக்கிற மெழுகுவத்தி 'ப்ளோ இட் அவுட்'. கேஸ் அடுப்பை அணைக்கிறதுக்கு, நெருப்பு இருந்தாலும் குமிழைத் திருகுறதால 'டர்ன் ஆஃப்'தான். தீ தானா அணைஞ்சு போச்சுன்னா 'இட் வென்ட் அவுட்'.